வேண்டாம் அக்காவின் கன்னம்

முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். வலது கன்னம்தான். இடது கன்னம் ஜன்னல் பக்கம் இருக்கிறதாம்; வெயில் பட்டுப் பட்டு அதற்குச் சொரணை குறைந்துவிட்டதாம். அரைச் செங்கல் அளவு பேட்டரியை அதன் நீல உறையோடு கன்னத்தில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசையப் பத்து எண்ணுவாள். கொண்டுவந்தவர் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தால், இடது கை மட்டும் மேலே எழும்பி அவரை அடக்கும். பத்து முடிந்ததும் கண் திறப்பாள்.

"சூடு ஆறல. வெச்சுட்டுப் போங்க. ரெண்டு மணி நேரம் ஆகட்டும்."

"ஐயோ அக்கா, ஜில்லுன்னுதானே இருக்கு!"

"உங்க கைக்கு ஜில்லுன்னு இருக்கும். வெச்சுட்டுப் போங்க."

கன்னத்துக்கு அடுத்து மூக்கு. உறையின் ஓரத்தை முகர்ந்து பார்ப்பாள். லேசாக இனிப்பு வாடை வந்தால் உள்ளே கசிவு. அந்த பேட்டரியின் கதை அங்கேயே முடிந்தது. மூலையில் இருக்கும் மண் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குப் போய்விடும். மூக்கையும் தாண்டினால்தான் மீட்டர், கருவி எல்லாம். "மெஷினுக்கு நம்பர்தான் தெரியும்" என்பாள், ஏதோ மெஷினுக்காகப் பரிதாபப்படுகிற குரலில்.

மின்சாரத்தில் பறக்கும் மாதிரி விமானங்களை வைத்திருப்பவர்கள் வட்டாரத்தில் இவளுக்கு 'வேண்டாம் அக்கா' என்று பெயர். (அவற்றைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். கட்டில் நீளத்துக்கு இறக்கை வைத்ததெல்லாம் இருக்கிறது.) பேட்டரி தேறிவிட்டால் அக்கா ஒரு வார்த்தை பேசமாட்டாள். பச்சை டேப் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, அதன்மேல் பென்சிலால் தேதியைப் போட்டு, மேஜையின் மறுகோடிக்குத் தள்ளிவிடுவாள். தேறாவிட்டால்தான் வாய் திறக்கும். "வேண்டாம்." அவ்வளவே. அதற்குமேல் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அசைந்து கொடுக்க மாட்டாள்.

ஏன் வேண்டாம் என்று கேட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டுவாள். அதில் பேட்டரிக்குச் சொந்தக்காரர் பெயர் இருக்காது, பேட்டரிக்குத்தான் பக்கம். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்றோ ஆறோ அறைகள், அதாவது செல்கள், உண்டு. அறைக்கு ஒரு வரி. 'ரெண்டாவது சோம்பேறி.' 'அஞ்சாவது ஆரம்பத்துல குதிக்கும், அப்புறம் படுத்துடும்.' 'நாலாவது நல்ல பிள்ளை.' ஒருநாள் புதிதாக வந்த ஒருவர், ஒரே ஒரு அறை கொஞ்சம் மட்டமாக இருந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்டுவிட்டார். அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னாள்: "ஆறு பேரு இருக்கற வீட்டுல ஒருத்தன் மட்டும் சோம்பேறின்னா, மத்த அஞ்சு பேரும் அவனுக்கும் சேர்த்து ஓடணும். கீழ இருக்கறவரைக்கும் ஓடுவாங்க. மேல போனதும் அவன் கைய விரிச்சுடுவான். ஒருத்தன் உக்காந்தா மொத்த வீடும் உக்காரும். உங்க விமானம் எங்க உக்காரும்னு யாரு கண்டா?"

அவர் பேட்டரியை இரும்புப் பெட்டியில் தானே போட்டுவிட்டுப் போனார்.

அக்காவின் தொழிற்சாலை என்பது இரண்டாவது மாடி வீட்டின் பின்பக்க பால்கனி. கண்ணாடி போட்டு அடைத்தது. ஒரு மேஜை, அதன்மேல் ஓடு பதித்த பலகை, இரண்டு மீட்டர், இரண்டு வாளி மண். சுவரில் ஒரு மரச்சட்டம். அதில் பன்னிரண்டு பஸ் ஹெட்லைட் பல்புகள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஹெட்லைட் பல்பில் இரண்டு இழை உண்டு. ஒன்று போனாலே டிப்போவில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருக்கும் ஒரு இழை நன்றாகத்தான் எரியும். அவர் அவற்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பேட்டரியைச் சட்டத்தில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் எரியும். விமானத்தின் மோட்டார் முழு வேகத்தில் எவ்வளவு இழுக்குமோ அதற்குச் சற்று மேலேயே இழுக்கும். பால்கனி பட்டப்பகலைவிட வெளிச்சமாகிவிடும். எதிர்க் கட்டிடத்துக்காரம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டே, "ஆரம்பிச்சுட்டாங்கய்யா!" என்று கத்துவாள். அக்கா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கடிகாரமும் ஒரு கையில் பென்சிலுமாக, அறைக்கு அறை எண் குறைவதை எழுதிக்கொண்டிருப்பாள்.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பத்தொன்பது வருஷம் டார்ச் லைட் கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்வாள். எடு, அமுக்கு, எரிகிறதா, தள்ளு. உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு வீட்டுக்காரரிடம்தான் வரவேண்டும்.

வீட்டுக்காரர் தொந்தியும் தொளதொள சட்டையுமாக இருக்கும் கலகலப்பான மனிதர். விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் அவர் பைத்தியம். பேட்டரி பார்ப்பது அக்காவின் பைத்தியம். வீடு இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அக்கா கண்ணை மூடிக் கன்னத்தில் பேட்டரியை வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவர் ஆரம்பித்துவிடுவார்: "பாத்தீங்களா! இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. ஒருநாள், ஒரே ஒருநாள், எனக்கு இந்த யோகம் வாய்ச்சிருக்கா? பேட்டரியா பொறந்திருக்கணும் நான்!" அக்கா பத்து எண்ணி முடிக்கும்வரை பதில் சொல்லமாட்டாள். முடித்ததும், "உங்களுக்கு எப்பவுமே சூடு ஜாஸ்தி. தேறமாட்டீங்க" என்பாள்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'குட்டிக்கரணம்.' ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவருடைய மஞ்சள் விமானம் நாலாவது நிமிஷத்தில் இரண்டு குட்டிக்கரணம் அடித்து, மைதானத்தின் நடுவில் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. "கை தவறிடுச்சுப்பா. திருப்பற நேரத்துல வேற நெனப்பு" என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

கை தவறவில்லை. அது அக்காவுக்குத் தெரியும். அன்று காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அவசரப்படுத்த, அக்கா பேட்டரிக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றி, இறக்கிய சூட்டோடு மீட்டரை வைத்துப் பார்த்து, பல்பில் மாட்டிப் பார்க்காமலே பச்சை டேப்பை ஒட்டிவிட்டாள். சூடாக இருக்கும்போது எந்த பேட்டரியும் நல்ல பிள்ளைதான். மைதானத்துக் குளிரில் ஆறிப்போனதும் ஒரு அறை கையை விரித்தது, மோட்டார் நின்றது. அவர் விமானத்தின் உடைந்த மூக்கிலிருந்து பேட்டரியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுவரைக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கன்னம், இந்த ரெண்டு மணி நேரம், இந்த 'வேண்டாம்' எல்லாம் வந்தன. அக்கா மைதானத்துப் பக்கம் போவதையும் அன்றோடு நிறுத்திவிட்டாள். வாசலில் யாராவது "குட்டிக்கரணம் இருக்காரா?" என்று கேட்டால், "இருக்கார்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து தேவையில்லாமல் மேஜையைத் துடைப்பாள்.

இப்போது இந்தக் கதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

வீட்டுக்காரர் மூன்று வருஷமாக ஒரு விமானம் செய்துகொண்டிருந்தார். இரண்டு மோட்டார், வெள்ளை இறக்கை, வயிற்றில் சிவப்புக் கோடு. படுக்கையறையில் அவர் பக்கத்துக் கட்டில் இடத்தையே அது பிடித்துக்கொண்டு, அவர் கூடத்தில் பாய் போட்டுப் படுத்த காலமும் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகப் பறக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை அவருக்கு வலது கண்ணில் ஆபரேஷன். பிறகு இரண்டு மாதம் வெயிலில் நிற்கக்கூடாது, வானத்தை அண்ணாந்து பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லாத இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா அந்த விமானத்துக்கான பேட்டரியைப் பார்த்தாள். கன்னம் ஒத்துக்கொண்டது. மூக்கு ஒத்துக்கொண்டது. பல்பு எரியத் தொடங்கி மூன்றாவது நிமிஷம், மூன்றாவது அறை சரசரவென்று இறங்கியது.

"வேண்டாம்."

"ஏம்மா, இன்னொரு தடவ பாரேன்."

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"புதுசு வர மூணு வாரம் ஆகுங்கறான். வேற யாருகிட்டயும் இந்த அளவு இல்ல. நான்தான் புத்தி கெட்டுப்போயி, விமானத்து மூக்கை இந்த பேட்டரிக்குன்னே அளந்து செதுக்கிட்டேன். ஒரு விரல் நீளம் கூட இருந்தாலும் உள்ள போகாது."

"ஆபரேஷன் ஆனப்பறம் விட்டுக்கலாமே. விமானம் எங்க ஓடிப்போகப் போகுது?"

அவர் பேட்டரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கண்ணு எப்படி வருமோ யாரு கண்டா? தெரியறப்பவே ஒரு தடவ பாத்துடலாம்னு நெனச்சேன்" என்றார். வழக்கமான கேலி அந்தக் குரலில் இல்லை. ஆனாலும் அக்கா நோட்டில், 'மூணாவது கைய விரிச்சுட்டான்' என்று எழுதித் தேதியைப் போட்டு மூடினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சலூன்காரர் வந்தார். வீட்டுக்காரரின் சிநேகிதர்; சின்னதாக ஒரு விமானம் வைத்திருப்பவர். கையில் சாப்பாடு சூடாக இருப்பதற்கான தூக்கு டப்பா.

"அக்கா, ஒரு பேட்டரி பாக்கணும். கடையில ஒருத்தர் பாதி முடியோட உக்காந்திருக்கார். உடனே பாத்துக் குடுத்தீங்கன்னா தேவல."

டப்பாவைத் திறந்து, துண்டைப் பிரித்து, பேட்டரியை எடுத்து நீட்டினார். உறை புதிது. ஆறு அறை. அவருடைய சின்ன விமானத்துக்கு மூன்று அறையே தாராளம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் வைத்தாள். பத்து எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை, நாலிலேயே எடுத்துவிட்டாள். பிறகு ஒயர் முனையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"டப்பாவுல மொதல்ல வெந்நீர் ஊத்தி வெச்சிருந்தீங்களா?"

"எ... என்னக்கா?"

"ஒறை மாத்துனவரு இதையும் மாத்தியிருக்கணும். ஒயர்ல இந்த ஈயப் பத்து நான் வெச்சது; நேத்து நான் வேண்டாம்னு தள்ளினதுதானே இது? என் கையி எனக்குத் தெரியாதா?" அக்கா பேட்டரியை ஓட்டுப் பலகைமேல் வைத்தாள். "கீழ படிக்கட்டுல நிக்கறவரையும் மேல வரச்சொல்லுங்க. கால் வலிக்கப் போகுது."

சலூன்காரர், பாதி முடியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தவராக, டப்பாவைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டார். வீட்டுக்காரர் அசடு வழிய மேலே வந்து நின்றார்.

அக்கா கத்துவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "அன்னிக்கு சூடு என்னை ஏமாத்துச்சு. இன்னிக்கு நீங்க ஏமாத்தப் பாக்கறீங்க" என்றாள். "அந்தப் பேரு உங்களுக்கு என்னாலதான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அஞ்சு வருஷமா வாசல்ல வர்றவன் போறவன் எல்லாம் கூப்பிடறான். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் சுருக்குங்குது. இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

"அட, அது ஒரு பேருதானே..."

"எனக்கு அது பேரு இல்ல."

அவர் மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "தப்புதான். வேண்டாம்னா வேண்டாம். நாளைக்கு விமானத்தைச் சும்மா காட்டிட்டாவது வரேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய், ஏற்கனவே துடைத்திருந்த இறக்கையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துணி உரசும் சத்தம் பால்கனிவரை கேட்டது.

அக்காவின் மேஜையில் பூட்டுப் போட்ட இழுப்பறை ஒன்று உண்டு. அதற்குள் ஒரே ஒரு பேட்டரி. வெள்ளை விமானத்து பேட்டரியின் அதே அளவில், அதோடு சேர்ந்து, ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்தது. இதுவரை எந்த விமானத்திலும் ஏறாதது. அதுதான் அவளுடைய அளவுகோல். எந்தப் பெரிய பேட்டரி வந்தாலும் முதலில் இதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் அதைப் பார்ப்பாள். மீட்டர் பொய் சொன்னாலும் இது பொய் சொல்லாது. மாதம் ஒரு தடவை எடுத்து, துடைத்து, சார்ஜ் சரிபார்த்துத் திரும்ப வைப்பாள். வீட்டுக்காரர் அதைத் தொட்டதுகூடக் கிடையாது. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. சாமான் நிறுக்கும் கடைக்காரரிடம் போய் எடைக்கல்லைக் கேட்பார்களா?

மாலை நாலு மணிக்குப் பால்கனியில் பல்புகள் எரிந்தன. எதிர்க் கட்டிடத்துக்காரம்மா வழக்கம்போல் கத்தினாள். வீட்டுக்காரர் துணியும் கையுமாக எட்டிப் பார்த்தார். சட்டத்தில் மாட்டியிருப்பது எது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏய், அது உன் அளவு பேட்டரி ஆச்சே!"

"ஆமா."

"விழுந்துடுச்சுன்னா?"

"விழுந்துடுச்சுன்னா புதுசா ஒண்ணை வாங்கி, ஆரம்பத்துலேர்ந்து பழக்குவேன். ஒரு வருஷம் ஆகும். ஆகட்டும்." அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "தள்ளி நில்லுங்க, வெளிச்சம் கண்ணுல படும். செவ்வாக்கெழம டாக்டர்கிட்ட நான்தான் பதில் சொல்லணும்."

ஆறவைத்து, மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, மறுபடி ஆறவைத்து, கன்னத்தில் வைத்து, பச்சை டேப்பை ஒட்டினாள். தேதியை எழுதும்போது மட்டும் பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு வந்து மறுபடி எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் விமானத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா பேட்டரிப் பெட்டியோடு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் சமையலறைக் கடிகாரம். அவர் வண்டியை எடுத்தார்.

மைதானத்தில் புல் நனைந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்ததும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சலூன்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்று, சங்கடத்தை மறைக்கச் சத்தமாக, "வாங்க வாங்க குட்டிக்கரணம்! இன்னிக்காவது நேரா எறக்குவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தார்.

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை.

"அன்னிக்கு இவரு கை தவறல" என்றாள். "பேட்டரி நின்னுபோச்சு. நான்தான் ஆறவைக்காம சூட்டோட பாத்து ஒட்டிவிட்டேன். இவரு யாருகிட்டயும் சொல்லல. அந்தப் பேரு என்னோடது. கூப்பிடணும்னா என்னைக் கூப்பிடுங்க."

சலூன்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வீட்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இதையெல்லாம் இப்ப எதுக்கு... காத்து நல்லா இருக்கு, பேட்டரியக் குடு" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

வெள்ளை விமானம் புல்லில் கொஞ்ச தூரம் ஓடி, தயங்கி, எழும்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், அக்காவைத் தவிர. அவள் விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. தலைக்குமேல் மோட்டார்களின் சத்தம் வந்து வந்து போயிற்று. மூன்று. காதுதான் இப்போது அவளுக்குக் கன்னம். அந்தச் சத்தத்தில் ஒரு சின்னத் தளர்ச்சி வந்தாலும் தெரிந்துவிடும். நாலு. முள் நகர்ந்தது. நாலே கால். நாலரை. சத்தம் மாறவில்லை. அக்கா அப்போதுதான் திரும்பினாள். நிமிர்ந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, அவர் மூன்று வருஷம் செய்த விமானம் சிவப்புக் கோட்டைக் காட்டியபடி சாய்ந்து திரும்புவதைப் பார்த்தாள். "ஐயோ, எவ்வளவு பெருசா இருக்கு!" என்றாள், வீட்டில் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தவள்.

ஆறாவது நிமிஷம் அவர் இறக்கினார். நேராக, பிசிறில்லாமல். விமானம் புல்லில் உருண்டு அவர் காலடிக்கருகில் வந்து நின்றது. எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவர் தோளைத் தட்டினார்கள். அவர் கையில் ரிமோட்டோடு, கண்ணில் தண்ணீர் வழிய, "வெயில்பா, வெயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து, விமானத்தின் மூக்கைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி எடுத்தாள். வலது கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, உதடு அசையப் பத்து எண்ணினாள். கண்ணைத் திறந்தாள். பிறகு ஒரு எட்டு முன்னால் வந்து, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெதுவெதுப்பாக இருந்த அந்த பேட்டரியை அவர் கன்னத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.